குளிர்காலத்தில் யாரும் இல்லை

ஏதென்ஸ்
12 ஏப்ரல் 1987

அக்கா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பாய். பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகுதான் பிரித்திருப்பாய். பரவாயில்லை, எப்போது படித்தாலும் சரி.

ஒரு வேலை விஷயமாகத்தான் எழுதுகிறேன். ஜனவரியிலிருந்து எனக்கு ஒரு பதிப்பகத்தில் வேலை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான கையேடுகள் போடுகிறார்கள். மூலையில் ஒரு மேஜையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்க்கிறேன். போன வாரம் ஆசிரியர் வ்ரானாஸ், கிரீட் தீவின் தென்கரையைப் பற்றி எழுத ஆள் தேடினார். அந்தப் பக்கம் யாராவது போயிருக்கிறீர்களா என்று பொதுவாகக் கேட்டார். நான் கையைத் தூக்கவில்லை. பக்கத்து மேஜைப் பெண்தான், "ஃபோதினிக்கு அந்த ஊர்தானே சார்" என்று போட்டுக் கொடுத்துவிட்டாள். வ்ரானாஸ் என்னை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. கதையெல்லாம் வேண்டாம்மா. கடலும் வேணும், மலையும் வேணும்னு வர்ற ஆளுக்கு எந்த மாசம் நல்லதுன்னு ஒரே பக்கத்துல சொல்லிடு."

எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை அக்கா. பிறந்து வளர்ந்த ஊர். ஆனால் எந்த மாதம் நல்லது என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லையே. மலைப்பாதையில் பனி எப்போது கரைகிறது? தண்ணீரில் எப்போது இறங்கலாம்? ஸிஃபிஸ் படகை எந்த மாதத்திலிருந்து தினமும் ஓட்டுகிறான்? நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பவள். எழுதி அனுப்புவாயா?

இன்னொன்று. இது வேலை விஷயம் இல்லை. எனக்கு விடுப்பு கொஞ்சம் இருக்கிறது. எப்போது வந்தால் உனக்குத் தொந்தரவாக இருக்காது?

ஃபோதினி


ஸ்காலா
3 மே 1987

ஃபோதினி,

ஜன்னலில் வைக்கவில்லை. மாவுக் கையோடு நின்றுகொண்டே பிரித்தேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு வருடமாக எழுதாதவள் எழுதினால் வேறென்ன நினைப்பது?

கேட்டதற்குப் பதில். மார்ச்சில் மேலே பனி, கீழே வெயில். ஒரே நாளில் இரண்டு சட்டை வேண்டும். ஏப்ரலில் பாதை திறந்துவிடும். மலைச்சரிவு முழுக்க மஞ்சள் பூ. ஆடுகள் அதைத் தின்னாது, ஜெர்மன்காரர்கள் படம் எடுப்பார்கள். மே பிறந்தால் ஸிஃபிஸ் தினமும் ஓட்டுகிறான், காற்று விட்டால். தண்ணீர் இன்னும் கத்தி மாதிரி இருக்கிறது. அவர்கள் அதிலும் குதிக்கிறார்கள். நாம் கம்பளிச் சட்டையோடு கரையில் நின்று பார்க்கிறோம்.

நேற்று ஒருத்தி மலையிலிருந்து இறங்கி வந்தாள். செருப்பு அறுந்து, முழங்கால் சிராய்த்து, தோள் இரண்டும் சிவந்து. நாற்காலியில் விழுந்ததும் முதல் கேள்வி, இங்கே வர நல்ல மாதம் எது. ஸிஃபிஸ் சிரித்துவிட்டான். "இறங்கி வந்தப்புறம் கேக்கறியேம்மா" என்றான். நீ அவனிடமே கேட்டு எழுதலாம்.

எப்போது வரலாம் என்று இப்போது கேட்கிறாய். அந்த ஆகஸ்டில் கேட்காமல்தான் வந்தாய். வாடகைக்கு விடுகிற நான்கு அறையிலும் ஆள். உன் கட்டிலில் டச்சுத் தம்பதி. நான் என்ன செய்வேன்? கூரையில் மெத்தை போட்டேன். நீ படிக்கட்டில் நின்றுகொண்டு அத்தனை பேர் முன்னால், "நான் என்ன விருந்தாளியா?" என்றாய். என் இரண்டு கையிலும் தட்டு. "விருந்தாளின்னா வாடகை குடுப்பாங்க" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலைப் படகில் நீ போய்விட்டாய்.

போனது பெரிதில்லை. மேலே ஏறிப் பார்த்தேன், போர்வையை மடித்து வைத்திருந்தாய். ஓரம் ஓரமாக, அயலார் வீட்டில் தங்கியவள் மாதிரி. எனக்கு அந்த மடிப்பில்தான் கோபம்.

மே வேண்டாம். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறேன். ஜூனுக்கு எல்லா அறையும் பேசியாகிவிட்டது.

ஆர்கிரோ


ஏதென்ஸ்
26 ஜூலை 1987

அக்கா,

நீ எழுதியதை அப்படியே வைத்து வசந்தகாலத்தை எழுதிவிட்டேன். ஆடு தின்னாத பூவை வ்ரானாஸ் அடித்துவிட்டார். இரண்டு சட்டையை விட்டுவைத்தார்.

இங்கே வெயில் தாங்க முடியவில்லை. என் அறை தெருவுக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் சரியாக நடைபாதை உயரத்தில். ஒரு வருடமாக இந்தத் தெருக்காரர்களின் செருப்புகளைத்தான் எனக்குத் தெரியும். ஒரு பழுப்புச் செருப்பு காலையில் நாயோடு போகும். ஒரு சிவப்புக் குதிகால் மாலையில் தனியாக வரும். முகம் தெரியாது. கடையில் ஒருவேளை பக்கத்தில் நின்றிருப்பேன். இப்போது அவர்களும் இல்லை, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அலுவலகத்தில், "உனக்கென்னப்பா, கடலோரத்துல வீடு" என்கிறார்கள். நான் சிரித்துவைக்கிறேன். எனக்கு அங்கே கட்டில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். அறையில் மூச்சு முட்டுகிறது என்று பத்து நாளாக இந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் படுக்கிறேன். யாரும் அனுப்பவில்லை, நானே பாயைச் சுருட்டிக்கொண்டு ஏறினேன். தார் வாசனை, யார் வீட்டு வானொலியோ. அன்றைக்கு நம் கூரையில் நல்ல காற்று வந்தது அக்கா. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நீ பருத்திப் போர்வைக்குள் இன்னொரு கம்பளியும் வைத்திருந்தாய், விடியற்காலையில் குளிரும் என்று. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் மடித்தேன்.

ஆகஸ்டு வேண்டாம் என்று தெரியும். செப்டம்பர்? வேலைக்கு ஆள் குறைவாக இருந்தால் நான் தட்டு எடுப்பேன். சமையல் எனக்கு அவ்வளவாக வராது, அது உனக்கே தெரியும்.

பக்கத்துக்கு இன்னும் இலையுதிர் காலமும் குளிர்காலமும் வேண்டும்.

ஃபோதினி


[அஞ்சலட்டை]
ஸ்காலா, 14 ஆகஸ்டு

நாளை மாதா திருநாள். கூரையிலும் ஆறு பேர் படுத்திருக்கிறார்கள், வாடகை கொடுத்து. நான் அடுப்புக்கும் மாவு மூட்டைக்கும் நடுவில் படுக்கிறேன். செப்டம்பரைப் பற்றிப் பிறகு. கம்பளியை நீ பார்க்கவில்லை என்று நினைத்தேன். ஆ.


ஸ்காலா
20 அக்டோபர் 1987

ஃபோதினி,

செப்டம்பர் போய்விட்டது. நான் எழுதவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. நீ ஒரு தடவை கேட்டால் அதோடு சரி, சின்னதிலிருந்தே அப்படித்தான். ரொட்டி இன்னொரு துண்டு வேண்டும் என்றாலும் கேட்கமாட்டாய், தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

உன் பக்கத்துக்கு எழுதிக்கொள். செப்டம்பர்தான் நல்ல மாதம். கோடை முழுக்கக் குடித்த வெயிலைக் கடல் அப்போதுதான் திருப்பிக் கொடுக்கும். அந்தி சாய்ந்தும் தண்ணீரில் நிற்கலாம். மலையில் தலை சுற்றாமல் நடக்கலாம். அத்தியும் திராட்சையும் கிடைக்கும். அதனால்தான் எல்லோரும் செப்டம்பரில் வருகிறார்கள். எல்லோரும் வருவதால்தான் உனக்கு அப்போது இடமில்லை. நல்ல மாதத்தை நாம் வைத்துக்கொள்ள முடியாது, அது வந்தவர்களுக்குப் போய்விடும். மிச்சம்தான் நமக்கு.

அக்டோபரில் மலைமேல் மேலூரில் சாராயம் காய்ச்சுகிறார்கள். கழுதைகூடப் புளித்த வாசனையோடு இறங்கி வருகிறது. நேற்று ஒரு நார்வே கிழவர் தனியாக நீந்தினார். அவர்தான் கடைசி. நாற்காலிகளை அடுக்கிக் கட்டிவிட்டேன்.

வரும் திங்கள் திமித்ரியோஸ் திருநாள். பூசைக்குப் பிறகு எல்லா வீட்டுச் சாவியும் ஒலிவக் கூடைக்குள் போகும். உனக்கு நினைவிருக்கும், பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு எந்தச் சாவியை எடுக்கிறாரோ அந்த வீடு குளிர்காலம் முழுக்கக் கீழே இருந்து ஊரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் மேலூருக்குக் கிளம்பிவிடுவார்கள், அங்கேதான் பள்ளிக்கூடம், ரொட்டிக்கடை, மனிதர்கள். இந்த வருடம் யார் சாவியோ.

குளிர்காலம் எப்படி என்றும் கேட்டாய். சொல்ல என்ன இருக்கிறது? படகு இல்லை. கடை இல்லை. ஜெனரேட்டர் நின்றுவிடும். யாரும் இல்லை என்று போடு. வருகிறவன் வந்து முழிக்க வேண்டாம்.

ஆர்கிரோ


ஏதென்ஸ்
6 டிசம்பர் 1987

அக்கா,

அச்சாகிவிட்டது. நம் பக்கத்தை மட்டும் வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். பெயர் போடமாட்டார்கள், ஆனால் நான் எழுதியதுதான். அப்பா இருந்திருந்தால் கடைச் சுவரில் ஒட்டியிருப்பார், வாசிக்கத் தெரியாவிட்டாலும். வ்ரானாஸ் படித்துவிட்டு, "பரவாயில்லையே, அந்த ஊர்ல இருந்த மாதிரியே எழுதியிருக்க" என்றார். அவருக்கு மறந்துவிட்டது.

கடல் வெயிலைத் திருப்பிக் கொடுப்பதை அவர் அடிக்கவில்லை. அது உன்னுடையது என்று நான் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. கடைசி வரியைப் பார். நீ சொன்னபடியே: "நவம்பர் முதல் மார்ச் வரை செல்ல வேண்டாம். குளிர்காலத்தில் அங்கே யாரும் இல்லை."

கூடையில் யார் சாவி வந்தது? நீ எழுதவே இல்லை. மேலூரில் பாகோனா அத்தை வீட்டு அடுப்பருகே நீ கால் நீட்டி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். அத்தை பேச்சை நிறுத்தமாட்டாள், நீ தலையாட்டிக்கொண்டே தூங்கிவிடுவாய். கிறிஸ்துமஸுக்கு அவளோடு சேர்ந்து தேன் பலகாரம் செய்வாய்.

எனக்கு இங்கே கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் விடுமுறை. பக்கத்து மேஜைப் பெண் வீட்டுக்கு அழைத்தாள். வேறு இடம் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எந்த இடம் என்று அவள் கேட்டிருந்தால் நம் ஊர்ப் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

ஃபோதினி


ஸ்காலா
14 ஜனவரி 1988

ஃபோதினி,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்தினம் வந்தது. ஸிஃபிஸ் அலையில் இறங்க முடியாமல் எண்ணெய் டின்னோடு சேர்த்துப் பையைக் கரைக்கு வீசிவிட்டுப் போனான். கடிதம் நனைந்திருந்தது. அச்சடித்த தாள் நனையவில்லை.

படித்தேன். கடைசி வரியையும் படித்தேன். நான் சொன்னதுதான். நீ அதை அப்படியே போடுவாய் என்று நினைக்கவில்லை.

என் சாவிதான் வந்தது. இந்த வருடம் மட்டும் இல்லை. அப்பா இறந்த வருடம் முதல்தடவை வந்தது. அடுத்த வருடம் கூடையை எடுத்தபோது பாகோனா அத்தைதான் ஆரம்பித்தாள். "பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணும், கிழடுங்களுக்கு டாக்டர் வேணும். உனக்கென்ன ஆர்கிரோ, தனியாள், எங்க இருந்தா என்ன?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கன்னத்தைத் தட்டிச் சொன்னாள். நானும் சரி என்றேன். அதிலிருந்து கூடை வெறும் சடங்கு. எல்லோரும் சாவியைப் போடுகிறார்கள், பாதிரியார் கண்ணைத் திறந்துகொண்டே என்னுடையதை எடுக்கிறார். உனக்கு நான் சொல்லவில்லை. நீ வந்ததெல்லாம் கோடையில்.

இப்போது ஊர்ச் சாவி எல்லாம் என் சமையலறை ஆணியில் தொங்குகிறது. காலையில் வீடு வீடாகத் திறந்து ஒழுகுகிறதா என்று பார்க்கிறேன். பூனைகளுக்கு வைக்கிறேன். பேசுவதற்கு அவைதான். மாலையில் கோயில் மணி வளைவில் லாந்தர் விளக்கை ஏற்றி மாட்டுகிறேன். மேலூரில் யாராவது பாறை விளிம்புக்கு வந்து அதைப் பார்க்க வேண்டும், எரிந்தால் கீழே எல்லாம் சரி, எரியாவிட்டால் ஆட்கள் இறங்கி வர வேண்டும். அதுதான் முறை. அப்பா முறையில் நாம் தங்கிய அந்த ஒரு குளிர்காலத்தில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் மாட்டினார்.

கிறிஸ்துமஸ் அன்று மாலை விளக்கைத் துடைத்தேன், எண்ணெய் ஊற்றினேன், திரியை வெட்டினேன். ஏற்றவில்லை. உன் தாளில் யாரும் இல்லை என்று போட்டிருக்கிறதே, சரி, யாரும் இல்லாமல் இருந்து பார்ப்போம் என்று தோன்றிற்று. வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு மலைப்பாதையைப் பார்த்தேன். மறுநாளும் ஏற்றவில்லை. வருகிறவர்களுக்கு என்று சூப் வைத்தேன். மூன்றாம் நாளும் ஏற்றவில்லை. அன்றைக்கு சூப்பைப் பூனைக்கு ஊற்றினேன்.

நான்காம் நாள் ஏற்றிவிட்டேன். கடலில் போகிறவன் என்ன பாவம் செய்தான்?

நேற்று அலை அடங்கி ஸிஃபிஸ் வந்தான். மேலூர் கடையில் என்ன பேச்சு என்று சாதாரணமாகக் கேட்டேன். விளிம்புக்குப் போய்ப் பார்க்க வேண்டியவர் பாகோனாவின் புருஷன், அவருக்கு முழங்கால் வலி. வேறு யாரையாவது அனுப்பலாமே என்று கடையில் ஒருவர் சொன்னாராம். அத்தை என்ன சொன்னாள் தெரியுமா? "கீழ ஆர்கிரோல்ல இருக்கா, அவ இருக்கறப்போ விளக்கு எரியாம போயிடுமா?"

எனக்கு அழுகை வரவில்லை. அத்தை சொன்னது புகழ்ச்சிதானே. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒழுங்காக இருக்கிறேன் என்பதால் என்னை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

உன்னை வா என்று சொல்லவில்லை. குளிர்காலம் எப்படி என்று கேட்டாயே, அதற்குச் சரியான பதில் இது. அன்று எழுதியது அவசரத்தில் எழுதியது.

இதையும் சேர்த்துக்கொள். ஜனவரியில் சில நாள் மீன்கொத்தி முட்டையிடும் என்று காற்று நின்றுவிடும். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடக்கும். தண்ணீருக்குள் மணல் வரிகூடத் தெரியும். வெயிலில் உட்கார்ந்து கம்பளியைக் கழற்றலாம். வருடத்திலேயே அதுதான் அழகு. எந்தத் தேதி என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் உன் புத்தகத்துக்கு உதவாது. இந்த வருடம் இன்னும் வரவில்லை.

ஆர்கிரோ


மேலூர்
28 ஜனவரி 1988

அக்கா,

இந்தக் கடிதத்தை நாளை நானே கொண்டுவருகிறேன். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் என்னால் இவ்வளவு பேச முடியாது, உனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்றே வ்ரானாஸின் அறைக்குப் போனேன். ஒரு வருடத்தில் நானாக அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல்தடவை. கடைசி வரி தப்பு, மாற்ற வேண்டும் என்றேன்.

"அச்சாயி கடைக்கே போயிடுச்சேம்மா. என்ன தப்பு?"

"அங்க ஆள் இருக்காங்க சார்."

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். பிறகு நான் விடுப்புக் கேட்டேன். "இந்த மாசத்துல யாராவது அங்க போவாங்களா? நீயேதான் போகாதீங்கன்னு எழுதியிருக்க" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

படகு கிளம்புகிற ஊரில் ஸிஃபிஸ் படகைக் கரையேற்றிக் கட்டியிருந்தான். காற்று விடவில்லை, மீன்கொத்தி இந்த வருடம் மறந்துவிட்டது என்றான். இரண்டு நாள் காத்திருந்துவிட்டுப் பேருந்தில் மேலே வந்தேன். இன்று மதியம் இறங்கக் கிளம்பியபோது பாதையில் பனி. பாகோனா அத்தை பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். நாளை வெயில் ஏறியதும் போகலாம் என்கிறாள்.

அத்தையிடம் அந்த மூன்று நாளைப் பற்றிச் சொன்னேன். நீ கோபித்துக்கொள்வாய். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "எரிஞ்சிருக்கும்னுதானேடி நெனச்சோம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை அதையே சொன்னாள், என்னிடம் இல்லை, மாவிடம்.

அந்தி நேரத்தில் அவளுடைய டார்ச்சை எடுத்துக்கொண்டு விளிம்புக்குப் போனேன். காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே கடலும் ஊரும் ஒரே சாம்பல் நிறம். அத்தனை வீடும் இருட்டு. கொஞ்ச நேரத்தில் மணி வளைவில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. நீ லாந்தர் விளக்கு என்று எழுதியிருந்தாய். இங்கிருந்து ஒரு கடுகளவுதான் அக்கா. யாராவது வேண்டுமென்று பார்த்தால்தான் தெரியும்.

டார்ச்சை உயர்த்தி இரண்டு தடவை அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நீ ஏன் மேலே பார்க்கப்போகிறாய்? மறுபடி அடித்தேன். கை மரத்துப் போகும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு கீழே வெளிச்சம் அணைந்தது. காற்றில் போய்விட்டது என்றுதான் பயந்தேன். வந்தது. மறுபடி அணைந்தது. வந்தது. பாவாடையைப் பிடித்து மறைத்தாயா?

எத்தனை தடவை அப்படிச் செய்தோம் என்று தெரியவில்லை. அத்தை போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் வந்து நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. "போதும்டி, பேட்டரி தீந்துடப் போகுது" என்றாள். ஆனால் அவளும் போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் தேதி நான் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் உனக்கு இந்தக் குளிர்காலம் நிறைய மிச்சம் இருக்கும், தெரியும். அதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எந்த அறையையும் எனக்காகத் திறக்காதே. அடுப்புக்கும் மாவு மூட்டைக்கும் நடுவில் கொஞ்சம் நகர்ந்து படு, போதும். காலையில் போர்வையை மடிக்கமாட்டேன்.

ஃபோதினி